பட்டியலில் வேண்டிய பகுதியைப் பிரித்தெடுத்தல்

ஒரே இனத்தைச் சேர்ந்த விவரங்களை வரிசை தவறாது எழுதி வைப்பதே பட்டியல் எனப்படும். மழைமானியின் அளவை நாள்தோறும் காலை 8.30 மணிக்குக் குறிக்கும் களப்பணியாளரிடமும், மாணவர் மதிப்பெண்களைப் பதியும் ஆசிரியரிடமும் இத்தகைய பட்டியல்கள் உள்ளன. முழுப் பட்டியலும் எப்பொழுதும் தேவைப்படுவதில்லை. அதன் ஒரு பகுதியே பெரும்பாலும் வேண்டப்படுகிறது. அப்பகுதியைக் கணிப்பொறியின் துணைகொண்டு பிழையின்றிப் பிரித்தெடுக்கும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட பைதான் என்னும் கணிப்பொறி மொழி, தொடக்கநிலையினருக்கு ஏற்றதாகும். அதன் மூன்றாம் பதிப்பில் பட்டியல்களுக்குத் தமிழிலேயே பெயர் சூட்டலாம். உதாரணமாக:

மாதம் = ["ஜனவரி", "பிப்ரவரி", "மார்ச்", "ஏப்ரல்", "மே", "ஜூன்", "ஜூலை", "ஆகஸ்ட்", "செப்டம்பர்", "அக்டோபர்", "நவம்பர்", "டிசம்பர்"]

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரையாகும். அந்நான்கு மாதங்களையும் பெறுவதற்குரிய கட்டளை:

மாதம்[5:9]

ஜூன் ஆறாவது மாதமாயிருக்க, 5 என எழுதுவது ஏன் என்னும் ஐயம் இயல்பாக எழும். ஓர் அளவுகோலை நோக்கினால் ஐயம் நீங்கும். அளவுகோலின் முதற்பகுதி 0 என்னும் கோட்டிற்கும் 1 என்னும் கோட்டிற்கும் இடையே உள்ளது. அவ்வாறே ஜனவரி 0க்கும் 1க்கும் இடையே அமைகிறது. ஜூன் 5க்கும் 6க்கும் இடையேயும், செப்டம்பர் 8க்கும் 9க்கும் இடையேயும் அமைகின்றன. ஆகவே, 5ஆம் கோட்டிலும் 9ஆம் கோட்டிலும் வெட்டினால் நான்கு மாதங்களும் முழுமையாகக் கிடைக்கும்.

இம்முறையின் சிறப்பு யாதெனில், ஆண்டின் நான்கு பருவங்களையும் [0:2], [2:5], [5:9], [9:12] எனப் பிரிக்கும்போது, ஒன்றின் முடிவெண்ணே அடுத்ததன் தொடக்க எண்ணாகிறது. எம்மாதமும் விடுபடுவதில்லை, எம்மாதமும் இருமுறை வருவதில்லை. முடிவெண்ணிலிருந்து தொடக்க எண்ணைக் கழித்தால் மாதங்களின் தொகை வந்துவிடும். எண்ணிக்கையைச் சுழியிலிருந்து தொடங்கி, முடிவெண்ணைச் சேர்க்காது விடுதலே நன்று என்பதை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் அறிஞர் 1982ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

கடைசி மூன்று மாதங்களை மட்டும் வேண்டுவோர் மாதம்[-3:] என எழுதலாம். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் தமிழகத்தாருக்கு இது பெரிதும் பயன்படும். இவ்வாறு பிரித்தெடுப்பது புதியதொரு பட்டியலே. மூலப் பட்டியல் மாறாது அப்படியே இருக்கும்.

இனி, எச்சரிக்கையாயிருக்க வேண்டிய இடங்களைக் காண்போம். பன்னிரண்டு மாத மழையளவுகளையும் இதே வரிசையில் ‘மழை’ என்னும் பட்டியலாக எழுதியிருப்பதாகக் கொள்வோம். [5:9] என்பதற்குப் பதிலாக மழை[5:8] என எழுதினால் செப்டம்பர் விடுபடும். கணிப்பொறி இதனைப் பிழையெனச் சுட்டாது. கேட்டதைக் கொடுத்துவிட்டு வாளாவிருக்கும். ஹைதராபாத்தில் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் கவர்ந்த மூசி ஆற்றின் பெருவெள்ளம் 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் நேர்ந்தது. அதன் விளைவாகவே உஸ்மான் சாகர் 1920ஆம் ஆண்டிலும், ஹிமாயத் சாகர் 1927ஆம் ஆண்டிலும் நிறைவுற்றன. செப்டம்பரை விட்டுவிட்ட கணக்கு அவ்வெள்ளத்தையே காணாத கணக்காகும். அவ்வாறே [6:9] என எழுதினால், தெலங்கானாவின் மானாவாரி நிலங்களில் விதைப்புத் தொடங்கும் ஜூன் மறைந்துபோகும்.

மற்றொரு பிழை களத்திலேயே தோன்றுவது. மழைமானி பழுதுற்று ஏப்ரல் மாத அளவு கிடைக்கவில்லையெனில், அவ்விடத்தை விட்டுவிட்டு மேலே எழுதுதல் கூடாது. பதினொரு எண்களே உள்ள பட்டியலில் பின்வரும் மாதங்கள் யாவும் ஓரிடம் முன்னேறிவிடும். [5:9] என்பது ஜூலை முதல் அக்டோபர் வரையுள்ள அளவுகளைத் தரும். 0 என எழுதுவதும் தவறு. அது மழையே பெய்யவில்லை எனப் பொருள்படும். ‘விவரம் இல்லை’ என்பதைக் குறிக்கப் பைதானில் தனி மதிப்பு ஒன்று உண்டு. அதனையே அவ்விடத்தில் இடுதல் வேண்டும். அதனை உள்ளடக்கிய பகுதியைக் கூட்ட முற்பட்டால் கணிப்பொறி பிழையறிவித்து நின்றுவிடும். தவறான கூட்டுத்தொகையை மௌனமாகத் தருவதைவிட அவ்வாறு நின்றுவிடுதல் நன்மையே.

ஆதலின், பகுதியைப் பிரித்தெடுக்குமுன் பட்டியலின் நீளம் பன்னிரண்டுதானா என்பதையும், பிரித்தெடுத்தபின் அதன் முதல் உறுப்பும் இறுதி உறுப்பும் சரியானவையா என்பதையும் சோதித்தல் அவசியம்.

பயிற்சி: ஜூன் மாதத்தில் தொடங்கி மே மாதத்தில் முடியும் பன்னிரு மாத மழைப் பட்டியல் ஒன்றில், தென்மேற்குப் பருவ மாதங்களையும் வடகிழக்குப் பருவ மாதங்களையும் பிரிப்பது எவ்வாறு?

விடை: முறையே மழை[0:4], மழை[4:7]. மாதங்கள் அவையே, பட்டியலின் தொடக்கம் மாறியமையால் எண்கள் மாறின. எனவே, பட்டியல் எம்மாதத்தில் தொடங்குகிறது என்பதை அதன் தலைப்பிலேயே குறித்து வைத்தல் வேண்டும்.