பஞ்சத்தைத் தடுக்கும் மூன்று சேமிப்புகள்



"தாது வருஷப் பஞ்சம்" என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது 1876-78-ல் வந்த பஞ்சம். 1871 கணக்கெடுப்பில் அன்றைய சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-ல் சுமார் 16 லட்சம்தான்! செத்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் இதில் அடக்கம்.

மழை பொய்த்தது மட்டுமா காரணம்? இல்லை. விளைச்சல் போனதும் கூலி வேலை போச்சு. தானிய விலையோ ஏறிப் போச்சு. ரயிலில் தானியம் வந்தாலும் வாங்கக் கையில் காசில்லை. 1877-ல் நிவாரண வேலைக்கான கூலியையும், நாளுக்கு ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்ற அளவுக்கு சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். மண் சுமக்கும் உடம்புக்கு அது போதாது என்று டாக்டர் கார்னிஷ் எதிர்த்தார்.

ஆகவே ஒரு ஊருக்கு மூன்று சேமிப்புகள் வேண்டும் என்பேன்.

1. தண்ணீர்: சிவில் மாணவன் என்பதால் ஒரு சின்னக் கணக்கு. 10 ஹெக்டேர் ஏரியில் 10 செ.மீ. வண்டல் எடுத்தால் 10,000 கன மீட்டர், அதாவது 1 கோடி லிட்டர் கூடுதலாக நிற்கும். ஆனால் வரத்து வாய்க்கால் அடைபட்டிருந்தால் ஏரியைத் தோண்டியும் பிரயோஜனமில்லை. முதலில் வாய்க்கால், பிறகுதான் ஏரி.

2. தானியம்: நம் கொல்லிமலையில் சாமை, தினை விளைகிறது. குறைந்த மழை போதும், நெடுநாள் கெடாது. பிறகு ஏன் சாகுபடி குறைந்தது? மரவள்ளி பணம் தந்தது; சாமையை உரலில் குத்துவது பெண்களுக்குப் பெரும்பாடு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே வேலை செய்து, விதை வங்கியோடு தோல் நீக்கும் இயந்திரத்தையும் கொண்டுபோனது. மெக்கானிக்கல் நண்பர்களே, கவனியுங்கள்! ஒரு மெஷின் இல்லாததாலும் ஒரு பயிர் அழியலாம்.

3. கூலி: 2005-ல் வந்த 100 நாள் வேலைச் சட்டம் இந்தப் பாடத்தைத்தான் சொன்னது. வறட்சியிலே வாய்க்கால் தூர்வாரினால் இன்றைக்குக் கூலி, நாளைக்குத் தண்ணீர்.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு டேப்பும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலும் போதும். வாய்க்காலில் மட்டம் பாருங்கள். எங்கே மேடு தட்டியிருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து கிராம சபையில் கொடுங்கள். "தண்ணி வரமாட்டேங்குது" என்ற பேச்சு அப்போது ஒரு திட்டமாகிவிடும். நாம் படித்த சர்வேயிங் மார்க்குக்கு மட்டுமா?

அளப்போம்! காப்போம்!