இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால் வேகம் சமமா?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். தொலைவு–காலம் வரைபடம் ஒன்றில் சரக்கு ரயிலுக்கும் எக்ஸ்பிரஸுக்கும் இரண்டு கோடுகள் போட்டிருந்தார்கள். இரண்டும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்கின்றன. அங்கே இரண்டு ரயிலும் ஒரே வேகத்தில் போகின்றன என்கிறாள். அதற்கு முன்னால் சரக்கு ரயிலின் கோடு மேலே இருப்பதால் அதுதான் வேகமாம். தவறு என்று தெரிகிறது, எடுத்துச் சொல்ல வரவில்லை. எப்படி விளக்குவது?
– ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: உங்கள் மகள் கோட்டின் உயரத்தை வேகம் என்று படிக்கிறாள். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். கல்லூரிக்கு வந்த பிறகும் சிலருக்கு இது தொடர்வதுண்டு. அதனால் இப்போதே சரிசெய்ய நீங்கள் முனைவது மிகவும் நல்லது.

ஒரு கிராஃப் தாளைக் கொடுத்து அவளையே வரையச் சொல்லுங்கள். கிடைமட்ட அச்சில் 2 செ.மீ. என்பது 1 மணி நேரம். செங்குத்து அச்சில் 1 செ.மீ. என்பது 20 கி.மீ. சரக்கு ரயில் காலை 6 மணிக்குக் கிளம்பி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகிறது. எக்ஸ்பிரஸ் அதே ஸ்டேஷனிலிருந்து 7 மணிக்குக் கிளம்பி மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வருகிறது. இரண்டு கோடுகளும் 8 மணிக்கு, 80ஆவது கிலோமீட்டரில் வெட்டிக்கொள்ளும்.

இப்போது 7.30 மணிக்கு நேராக விரலை வைக்கச் சொல்லுங்கள். சரக்கு ரயில் 60 கி.மீ.யில், எக்ஸ்பிரஸ் 40 கி.மீ.யில். யார் முன்னால் இருக்கிறார்கள் என்று கேட்டால் சரக்கு ரயில் என்பாள். சரிதான், உயரம் சொல்வது அதை மட்டுமே. அடுத்த அரை மணியில் யார் எவ்வளவு தூரம் போனார்கள் என்று கேளுங்கள். சரக்கு ரயில் 60இலிருந்து 80க்கு வந்திருக்கிறது, 20 கி.மீ. எக்ஸ்பிரஸ் 40இலிருந்து 80க்கு வந்திருக்கிறது, 40 கி.மீ. வெட்டும் புள்ளியைத் தாண்டி 8.30 வரை பார்த்தாலும் அதே 20, அதே 40. இரண்டும் நேர்கோடுகள் என்பதால் வேகம் எங்கும் மாறவில்லை. ஒரு நொடிக்காவது இரண்டின் வேகமும் சமமாக வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கோடு வளைந்தாக வேண்டும். அந்தப் புள்ளியில் ஒன்றாக இருப்பவை இடமும் நேரமும்தான்.

இதற்கும் மசியவில்லை என்றால் ரயில்வே என்ன செய்யும் என்று சொல்லுங்கள். ஒரே தண்டவாளத்தில் நடுவழியில் முந்த முடியாது. அதனால் 60ஆவது கிலோமீட்டரில் ஒரு ஸ்டேஷன் இருந்தால், 7.30க்கு அங்கே வரும் சரக்கு ரயிலை லூப் லைனில் ஒதுக்கி நிறுத்திவிடுவார்கள். எக்ஸ்பிரஸ் 7.45க்கு அதைக் கடந்துபோகும். அதுவரை சரக்கு ரயிலின் கோடு தாளில் படுத்தே கிடக்கும், நேரம் ஓடுகிறது, தொலைவு கூடவில்லை. 7.40க்கு அந்தக் கோடு எக்ஸ்பிரஸின் கோட்டைவிட உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் ரயில் நிற்கிறது! உயரம்தான் வேகம் என்றால் நிற்கும் ரயில் ஓடும் ரயிலைவிட வேகம் என்றாகிவிடும். இதை ஒரு குழந்தை ஒப்புக்கொள்ளவே செய்யாது. என் அனுபவத்தில் பிடி கிடைப்பது இந்த இடத்தில்தான்.

இது பாடத்துக்காகச் செய்துவைத்த படமும் அல்ல. இந்திய ரயில்வேயின் கண்ட்ரோல் அலுவலகங்களில் இதே படத்தைத்தான் பென்சிலும் ஸ்கேலுமாகப் போட்டு ரயில்களை ஓட்டினார்கள். இப்போது அது கணினித் திரையில் வருகிறது. எதிர்த்திசை ரயிலின் கோடு அதில் கீழ்நோக்கி இறங்கும். ஒற்றைப் பாதையில் ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஒரு ஸ்டேஷனில்தான் வெட்டிக்கொள்ள வேண்டும், வேறெங்கே வெட்டினாலும் ஆபத்து. 1885இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியென் ஜூல் மாரே வெளியிட்ட நூலில் பாரிஸ்–லியோன் ரயில்களுக்கான இத்தகைய படம் இருக்கிறது. அன்று அந்தப் பயணத்துக்குச் சுமார் 9 மணி நேரம் ஆனது. 1981இல் ஓடத் தொடங்கிய பிரெஞ்சு அதிவேக ரயிலான டிஜிவி 3 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. ஒரே தாளில் இரண்டையும் போட்டால் மூன்று மடங்கு ஏற்றம் கண்ணுக்கே தெரியும்.

'ஒரே தாளில்' என்பது முக்கியம். உங்கள் மகள் இன்னொரு தாளில் 1 செ.மீ.க்கு 40 கி.மீ. என்று அளவை மாற்றி எக்ஸ்பிரஸை மட்டும் வரைந்து பார்க்கட்டும். முதல் தாளில் சரக்கு ரயிலின் கோடு எவ்வளவு சாய்ந்திருந்ததோ, அதே சாய்வில் இதுவும் வந்து நிற்கும். வேகம் மட்டும் இரண்டு மடங்கு. ஆகவே தனித்தனிப் படங்களைக் கண்ணால் ஒப்பிடக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கி.மீ. ஏறியது என்று அச்சைப் பார்த்து எண்களை எடுத்த பிறகே பேச வேண்டும். தேர்வில் மதிப்பெண் போவதும் பெரும்பாலும் இங்கேதான்.

கடைசியாக, முதல் தாளில் 9 மணிக்குக் கிளம்பும் இன்னொரு சரக்கு ரயிலை, அதே 40 கி.மீ. வேகத்தில், வரையச் சொல்லுங்கள். முதல் சரக்கு ரயிலின் கோட்டுக்கு இணையாக, ஒருபோதும் அதைத் தொடாமல் அவள் இழுத்துவிட்டால், அடுத்த பாடத்துக்குப் போகலாம்.