செருகுநிரல் சட்டகம்: நிறுவுதலும் பேணுதலும்

இடைச்சொல்லுக்கெனத் தனியே ஓர் இயல் வகுத்தவர் தொல்காப்பியர். பெயரும் வினையும் போல அது தனித்து இயங்குவதில்லை. அவற்றைச் சார்ந்து நின்றே பொருள் தருகின்றது. ஆயினும் ‘அவன் வந்தான்’ என்பதற்கும் ‘அவனே வந்தான்’ என்பதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை ஓர் ஏகாரம் உண்டாக்கிவிடுகின்றது. கணினித் துறையினர் ‘செருகுநிரல்’ என வழங்குவதை நம் மாணவர்க்கு விளக்க இதனினும் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை. அதுவும் தனியே இயங்காது. பெரியதொரு நிரலைப் பற்றியே இயங்கும். பற்றியபின் அந்நிரலின் போக்கையே மாற்றவும் வல்லது.

செருகுநிரல்களை ஏற்கும் இணையச் சட்டகங்கள் பல உள. அவற்றுள் வேர்டுபிரஸ் என்பதை இங்கு எடுத்துக்கொள்வோம். மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் 2003ஆம் ஆண்டில் பழைய நிரலொன்றிலிருந்து இதனைக் கிளைக்கச் செய்தனர். 2004 மே மாதம் வெளிவந்த 1.2ஆம் பதிப்பில் செருகுநிரலுக்கு இடமளிக்கப்பெற்றது. இதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்தது, விலையுமில்லை. கல்லூரித் துறைகள் தம் பழைய மலர்களை இணையத்தில் ஏற்ற இதனை நாடுவதற்கு அதுவே முதற்காரணம் எனலாம்.

நிறுவும் முறை

இரவு பகலாக இணையத்தோடு இணைந்திருந்து, கேட்போர்க்குப் பக்கங்களை அளிக்கும் கணினியே வழங்கி. பெரும்பாலும் அதில் லினக்ஸ் இயங்குதளம் இருக்கும். அதன்மேல் அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் என்னும் வலைநிரல், பி.எச்.பி. மொழி, மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளம் ஆகியன வேண்டும். முதலில் வெற்றுத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, அத்தளத்தை மட்டுமே கையாளும் உரிமையுடைய பயனர் ஒருவரையும் கடவுச்சொல்லையும் அமைத்தல் வேண்டும். பின்னர்ச் சட்டகத்தின் கோப்புகளை வழங்கியில் விரித்து வைத்து, அமைவுக் கோப்பில் அவ்விவரங்களை எழுதி, உலாவியில் தளத்தின் முகவரியைத் திறந்தால், தரவுத்தளத்தில் 12 அட்டவணைகள் தாமே உருவாகும். இவ்வளவுதான். பழகியவர்க்கு இது சில நிமிட வேலையே.

ஆயினும் ஒன்றைக் கூறாமல் கடத்தல் இயலாது. கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்பன வழக்கமான உரிமை எண்கள். பிழையொன்று தோன்றியவுடன் சிலர் யாவற்றையும் 777 ஆக்கிவிடுகின்றனர். அவ்வெண், அக்கணினியில் கணக்குடைய எவரும் கோப்புகளைத் திருத்தலாம் என்று கூறுவதாகும். பூட்டு திறக்கவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பார் உண்டோ?

கொக்கிகள்

செருகுநிரல் சட்டகத்தைப் பற்றும் இடங்கள் கொக்கிகள் எனப்படும். அவை இருவகை. குறித்ததொரு கட்டத்தில் ஒரு பணியைச் செய்விப்பது செயற்கொக்கி. கடந்து செல்லும் உரையைப் பெற்றுத் திருத்தித் திருப்பித் தருவது வடிகட்டி. ‘திருப்பித் தருவது’ என்பதே இங்கு உயிர்நிலை. புதிதாய் எழுதப் பழகும் மாணவர் அவ்வொரு வரியை மறந்தால், தளத்திலுள்ள கட்டுரைகள் யாவும் வெற்றுப் பக்கங்களாய்த் தோன்றும். அஞ்ச வேண்டுவதில்லை, தரவுத்தளத்தில் உரை உள்ளபடியே இருக்கும். ஒரு செருகுநிரலால் தளம் முழுதும் முடங்கினால், வழங்கியினுள் சென்று அதன் கோப்புறைப் பெயரை மாற்றிவிடுதல் போதும். அது செயலிழந்து தளம் மீளும்.

தமிழில் எழுதுவோர்க்கென்றே ஓர் இடர் இருக்கின்றது. கட்டுரைத் தலைப்பிலிருந்து இணைய முகவரியை அமைக்கும் சட்டகம், அதற்கு 200 குறிகளையே இடமாக ஒதுக்குகின்றது. யுனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் 3 குறிகளாக விரியும். ஆக, ‘க’ என்பதற்கு 9 இடம்; ‘கி’ எனில், மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால், 18 இடம். எனவே ‘திருக்குறளில் அறத்துப்பால்’ என்னும் சிறு தலைப்புகூட ‘திருக்குறளில்-அறத்துப்ப’ என அறுந்து நிற்கும். முகவரியைக் கையாலேயே சுருக்கமாக இடுவது எளிய வழி. வடிகட்டியொன்றால் மாற்றுவது மற்றொரு வழி.

பேணுதல்

நிறுவுதலினும் பேணுதலே அரிது. செருகுநிரலுக்கும் சட்டகத்துக்கும் இடையே வேலி ஏதுமில்லை என்பதைப் பலரும் உணர்வதில்லை. தொடர்புப் படிவம் ஒன்றைக் காட்டுவதற்கெனச் சேர்த்த சிறுநிரலும் தரவுத்தளம் முழுவதையும் படிக்கலாம், அழிக்கலாம். 2020 செப்டம்பரில், 7,00,000க்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த கோப்பு மேலாண்மைச் செருகுநிரல் ஒன்றில் பெரும் ஓட்டை வெளிப்பட்டது. அதனுள் எடுத்துக்காட்டாக மட்டுமே இருக்கவேண்டிய கோப்பொன்று இயங்கு கோப்பாகப் பெயர் மாற்றப்பட்டிருந்தது. கடவுச்சொல் இல்லாதோரும் அதன்வழி வழங்கியினுள் தம் நிரல்களை ஏற்ற முடிந்தது. ஆகவே வேண்டாத செருகுநிரலை நிறுத்தி வைத்தல் போதாது. அதன் கோப்புகள் அங்கேயே கிடக்கும். நீக்கிவிடுதலே முறை. வேண்டியவற்றையும் திருத்தப் பதிப்பு வந்தவுடன் புதுப்பித்தல் வேண்டும். அழகுக்காக இருபது முப்பது எனச் சேர்த்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை.

படியெடுத்து வைப்பதில் நாங்களே தவறினோம். மாணவர்கள் ஈராண்டுகள் தட்டச்சு செய்த கட்டுரைகளை வேறொரு வழங்கிக்கு மாற்றியபோது, கோப்புகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் படியெடுத்தோம். புதிய இடத்தில் திறந்து பார்த்தால் படங்கள் இருந்தன, எழுத்து ஒன்றுமில்லை. படங்கள் கோப்புறையில் இருப்பவை. கட்டுரைகளோ தரவுத்தளத்தில் இருப்பவை. அதனைத் தனியே இறக்கவேண்டும் என்பதை நாங்கள் அறிந்தபோது பழைய வழங்கியின் தவணை முடிந்து, அனைத்தும் அழிக்கப்பட்டிருந்தன. அச்சு மலர்கள் நூலகத்தில் இருந்தமையால் மாணவர்கள் அவற்றை மீண்டும் தட்டச்சு செய்தனர். இணையத்துக்கென்றே எழுதப்பெற்று அச்சேறாத கட்டுரைகள் மட்டும் திரும்பவில்லை. எழுதியோருள் சிலரிடம் கைப்படியும் இல்லை.

இப்பொழுது மாத இறுதிதோறும் தரவுத்தளத்தையும் கோப்புறையையும் சேர்த்தே இறக்கித் துறைக் கணினியில் வைக்கின்றோம். ஆண்டுக்கு ஒருமுறை அப்படியைக் கொண்டு வேறொரு கணினியில் தளத்தை முழுமையாக நிறுவிப் பார்ப்பது இரண்டாமாண்டு மாணவர்களின் செய்முறைப் பயிற்சி. சென்ற முறை அதற்கு ஒரு பிற்பகல் பிடித்தது.