மூச்சுவேர்

நுழையும்முன்

திரையில் தோன்றும் முகத்தை மக்கள் நினைவில் கொள்கின்றனர். அம்முகத்திற்குக் குரல் தந்தவரை அறிந்தோர் சிலரே. ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடைப்பட்ட காலத்தில் கலைஞர் எவ்வாறு வாழ்கிறார், எதைக் கற்கிறார் என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஏற்றமும் வற்றமும்

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே பிச்சாவரம் அலையாத்திக்காடு பரந்துள்ளது. எம்.ஜி.ஆர். நடித்து 1975இல் வெளிவந்த ‘இதயக்கனி’ திரைப்படத்தின் காட்சிகள் இங்குள்ள நீர்வழிகளில் படமாக்கப்பட்டன. படப்பிடிப்புக் குழுவினர் வந்தால் படகுத்துறை திருவிழாக்கோலம் பூணும். அவர்கள் சென்றபின் காடு மீண்டும் அமைதி கொள்ளும். திரைக்கலைஞரின் வாழ்விலும் இத்தகைய ஏற்றமும் வற்றமும் உண்டு.

இக்காட்டிலுள்ள வெண்கண்டல் மரம், சேற்றிலிருந்து விரல்கள் போன்ற வேர்களை மேல்நோக்கி நீட்டுகிறது. காற்றோட்டமற்ற சேற்றில் நிற்கும் அம்மரம் அவற்றின் வழியே சுவாசிக்கிறது. நீர் வற்றும்போதுதான் அவ்வேர்கள் நன்கு புலப்படும். நடிகர் விக்ரமின் வாழ்வில் அத்தகைய மூச்சுவேராக அமைந்தது பின்னணிக் குரல்பணி.

குரலின் நுட்பம்

திறந்தவெளியில் படம்பிடிக்கும்போது காற்றின் இரைச்சலும் படகுப்பொறியின் ஓசையும் உரையாடலோடு சேர்ந்து பதிவாகும். ஆதலால், ஒலிப்பதிவுக் கூடத்தில் உரையாடலைப் பின்னர்ப் பேசிப் பதிவுசெய்யும் முறை வழக்கமாயிற்று. நடித்தவரே பேசுவதும் உண்டு. வேறொருவர் பேசுவதும் உண்டு. குரல் கலைஞர் திரையை நோக்கியவாறு, நடிப்பவரின் இதழசைவுக்கும் மூச்சுக்கும் உணர்ச்சிக்கும் ஏற்பப் பேசுகிறார். ப, ம ஆகிய எழுத்துகள் இதழ்கள் பொருந்துவதால் தோன்றுவன என்பதைத் தொல்காப்பியப் பிறப்பியலில் கற்கிறோம். திரையில் இதழ்கள் மூடும் கணத்தில் இவ்வெழுத்துகள் அமையாவிடின் காட்சி பொய்த்துப்போகும். இலக்கண நூலின் நுண்மை இங்கே தொழில்நுட்பமாகிறது.

காத்திருந்த ஆண்டுகள்

கல்லூரிக் காலத்தில் நேர்ந்த விபத்தில் விக்ரமின் கால் கடுமையாகக் காயமுற்றது. பல அறுவை மருத்துவங்களுக்குப் பின் எழுந்து நடந்த அவர், 1990இல் ‘என் காதல் கண்மணி’யில் நாயகனானார். ஸ்ரீதர் இயக்கிய ‘தந்துவிட்டேன் என்னை’, பி.சி. ஸ்ரீராம் இயக்கிய ‘மீரா’ ஆகிய படங்கள் தொடர்ந்தன; எதிர்பார்த்த வெற்றி மட்டும் கிட்டவில்லை.

அக்காலத்தில் அவர் குரலைத் தொழிலாக்கினார். ‘அமராவதி’யில் (1993) அஜித்குமாருக்கும், ‘காதலன்’ (1994) படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தார். மலையாள, தெலுங்குப் படங்களில் கிடைத்த வேடங்களையும் ஏற்றார். தாம் நாயகராக நிற்க விரும்பிய திரையில் மற்றொரு நாயகருக்காகப் பேசுவது எளிதன்று. ஆயினும் மற்றவரின் மகிழ்ச்சியையும் சினத்தையும் தம் மூச்சில் ஏற்றுப் பேசிய ஒவ்வொரு நாளும் நடிப்புப் பயிற்சியாகவே அமைந்தது.

பாலா இயக்கிய ‘சேது’ 1999 திசம்பரில் வெளிவந்து அவருடைய நெடுங்காத்திருப்பை முடித்துவைத்தது. பின்னர், ‘பிதாமகன்’ (2003) படத்திற்காகச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார். அப்படத்தில் அவர் ஏற்ற சித்தன் என்னும் பாத்திரம் ஏறத்தாழப் பேசுவதே இல்லை. குரலால் வாழ்ந்த கலைஞர், குரலின்றி நடித்து உயர்ந்தார்.

எல்லார்க்கும் ஒரு ‘சேது’ வாய்ப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் முகம் காட்டாமல் பேசுவோர் பலர். அவர்களுடைய பணி வேறொன்றை அடைவதற்கான படிக்கட்டு அன்று. அதுவே ஒரு நிறைகலை. தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரல் கலைஞர்களும் சிறப்பிக்கப்படுவது இதனை உணர்த்தும். வாய்ப்பின் வெள்ளம் வற்றிய காலத்திலும் கலைஞரை வாழவைப்பது செய்தொழிலில் அவர் கொண்ட ஈடுபாடே.

தெரிந்து தெளிவோம்

கன்னடத்தில் 1943இல் வெளிவந்த ‘அரிச்சந்திரா’ திரைப்படத்தை ஏவி. மெய்யப்பன் தமிழில் குரல்மாற்றம் செய்து 1944இல் வெளியிட்டார். மொழிமாற்றுத் திரைப்படங்களின் முன்னோடியாக இது போற்றப்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. திரைக்காட்சி ஒன்றை ஒலியின்றிக் கண்டு, இதழசைவுக்குப் பொருந்தும் உரையாடலை எழுதி வகுப்பறையில் பேசிக்காட்டுக.
2. ‘வெளியே தெரியாத உழைப்பு’ என்னும் பொருளில், உம் ஊரில் உள்ள கலைஞர் ஒருவரிடம் நேர்காணல் நிகழ்த்துக.