நம் மாவட்டத்துக் குடிநீரும் புளூரோசிஸ் நோயும்

நல்லம்பள்ளிச் சந்தைக்கு வரும் பெரியவர்கள் சிலரின் பற்களை நாம் கண்டிருப்போம். சுண்ணாம்பு பூசினாற்போல் வெண்திட்டு. அல்லது குறுக்கே ஓடும் பழுப்பு வரி. வெற்றிலைக் கறை என்று எண்ணிவிடுகிறோம். வெற்றிலையே போடாத நம் தோழியர் சிலரும் சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கிறார்களே, அது ஏன்? இவ்வாண்டு அறிவியல் மன்றத்தில் நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி இதுவே.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடித்தளம் கடும்பாறை. அதிலுள்ள புளூரைடு சிறிது சிறிதாக நிலத்தடி நீரில் கரைகிறது. மழை பொய்த்து, ஆழ்துளைக் கிணறு இன்னும் கீழே போகப் போக, பாறையோடு நெடுங்காலம் உறவாடிய நீரே மேலே வருகிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளூரைடு இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் நாட்டுத் தர நிர்ணயம் 1 மில்லிகிராம் என்கிறது. வேறு நீருக்கு வழியில்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை பொறுத்துக்கொள்கிறது. வரம்பு மீறிய நீரைப் பல்லாண்டுகள் குடிப்போரின் எலும்பும் மூட்டும் இறுகுகின்றன. குனிந்து ஒரு குடத்தைத் தூக்க இயலாது. இந்தியாவில் இந்நோய் 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டது.

சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. 2021 ஆகஸ்டு 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதை வீட்டுக்கே கொண்டு வந்தது. புளூரோசிஸுக்கு அப்படியொரு மாத்திரை கிடையாது. இறுகிய எலும்பு இளகாது, கறைபட்ட எனாமல் தானே தெளியாது. எனவே நீரை மாற்ற வேண்டும். எப்படி?

நம் அம்மாமார் முதலில் சொல்வது, கொதிக்க வைத்துக் குடி என்பது. கிருமிக்கு அது சரி. புளூரைடு ஆவியாகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் வகுத்த ‘நல்கொண்டா முறை’யில் படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுக் கலக்கி, தெளிய வைத்து, மேல்நீரை எடுக்க வேண்டும். செலவு குறைவு. ஆனால் நீருக்கு நீர் படிகார அளவு மாறும், அடியில் தங்கும் கசடை அன்றாடம் அகற்ற வேண்டும். விடியலில் வயலுக்கோ கூலிக்கோ புறப்படும் தாய் இதை ஆண்டு முழுதும் செய்வாள் என்று நம்பித் திட்டமிடுவது முறையா? முறையன்று என்பது எங்கள் கருத்து. அலுமினா வடிகட்டிக்கும் இதே குறை: குறித்த காலத்தில் புதுப்பிக்காவிட்டால் அது வெறும் பானைதான்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. 2008-ல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன், ரூ.1,928.80 கோடியில் அமைந்து, 2013 மே 29-ல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் பெயரிலேயே புளூரோசிஸ் தணிப்பு என்பது சேர்ந்துள்ளது. காவிரி நீரை யானைப்பள்ளத்தில் சுத்திகரித்து இரு மாவட்டங்களுக்கும் அனுப்புகிறார்கள். தாய்க்குத் தனி வேலை இல்லை. குழாயைத் திறந்தால் போதும்.

ஆயினும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காவிரி நீரில் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், ஊர் ஆழ்துளைக் கிணற்றில் 3 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். காவிரி நீர் குறையும் நாளில் இரண்டையும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் சரிபாதியாகக் கலந்தால் 1.65 வரும், வரம்பு மீறிவிட்டது. முக்கால் பங்கு காவிரியும் கால் பங்கு கிணறும் என்றால் 0.975. ஆகக் கலப்பது குற்றமன்று. அளவறியாது கலப்பதே கேடு. குடிக்க மட்டும் குழாய் நீர், களி கிண்டவும் சோறு வடிக்கவும் கிணற்று நீர் என்று பிரிப்பதும் பயன் தராது. உலை நீரின் புளூரைடு களியோடு வயிற்றுக்குத்தான் போகிறது.

அப்படியானால் திட்டம் வென்றதா என்று எதை வைத்து அளப்பது? எத்தனை கல் தொலைவு குழாய் என்பது செலவின் அளவு. நோயின் அளவு குழந்தையின் வாயில் இருக்கிறது. நிலைத்த முன்பற்களின் எனாமல் பிறந்த முதல் சில ஆண்டுகளில் உருவாகி, பல் ஆறேழு வயதில் முளைக்கிறது. 2013-க்குப் பின் பிறந்தவர்களின் முன்பற்கள் 2020 வாக்கில்தான் வெளியே தெரியத் தொடங்கின. தொடக்கப் பள்ளியில் பயிலும் நம் தம்பி தங்கையரின் புதுப்பற்களே இத்திட்டத்தின் விடைத்தாள். அக்காளுக்குக் கறையும் தங்கைக்கு வெண்மையும் உள்ள வீட்டில் நீர் மாறியிருக்கிறது என்று ஊகிக்கலாம். இருவருக்கும் கறை என்றால் தொட்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

புளூரைடைக் காட்டும் களச் சோதனைப் பெட்டியை இயக்க ஊராட்சிகளில் பெண்களுக்கே பயிற்சி அளித்திருக்கிறார்கள். நீர் மிகக் குறையும் சித்திரையில் ஒரு முறை, மழை பெய்த ஐப்பசியில் ஒரு முறை நம் தெருத் தொட்டி நீரைச் சோதித்துச் சொல்லும்படி அவர்களிடம் கேட்கலாம். குப்பியை நன்றாகக் கழுவி எடுத்துச் செல்லுங்கள். எந்த நாள், எந்தத் தொட்டி என்று மேலே எழுதி ஒட்டுங்கள்.