மருந்துக் குப்பி எங்கே இருக்கிறது?

கோடை காலம். ராஜஸ்தானில் ஒரு கிராமம். வெயில் 45 டிகிரி கொளுத்துகிறது. அங்கன்வாடியில் தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று தடுப்பூசி போடும் நாள்.

நர்ஸ் ஒரு பெட்டியைத் திறக்கிறார். பெட்டியின் நான்கு பக்கமும் தட்டையான பிளாஸ்டிக் டப்பாக்கள். அவற்றில் ஐஸ் இருக்கிறது. நடுவில் கட்டை விரல் உயரத்தில் சின்னச் சின்னக் குப்பிகள்.

இந்தக் குப்பிகள் எங்கிருந்து வந்தன? எத்தனை நாள் பயணம் செய்தன? வழியில் கெட்டுப் போகவில்லை என்று நர்ஸுக்கு எப்படித் தெரியும்?

தடுப்பூசி மருந்து புனே, ஐதராபாத் போன்ற நகரங்களில் தயாராகிறது. அங்கிருந்து விமானத்திலும் குளிர்சாதன வண்டியிலும் புறப்படுகிறது. மத்திய அரசுக்கு நான்கு பெரிய மருந்துக் கிடங்குகள் இருக்கின்றன. அவை கர்னால், மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய ஊர்களில் உள்ளன. மருந்து அங்கே வரும். அல்லது நேராக மாநிலக் கிடங்குக்குப் போகும். பிறகு மாவட்டக் கிடங்கு. பிறகு ஆரம்ப சுகாதார நிலையம். கடைசியாக நர்ஸின் பெட்டி.

இவ்வளவு தூரமும் மருந்து குளிரிலேயே இருக்க வேண்டும். எவ்வளவு குளிர்? சுகாதார நிலையத்தில் 2 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. 8 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. இதைக் 'குளிர்ச் சங்கிலி' என்று சொல்வார்கள். பெயர் பொருத்தமானதுதான். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி அறுந்ததுதான்.

பால் கெட்டால் திரிந்துவிடும். மீன் கெட்டால் நாற்றம் வரும். தடுப்பூசி மருந்து கெட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அதே நிறம். அதே குப்பி. நர்ஸ் ஊசி போடுவார். குழந்தை அழும். தாய் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். ஆனால் குழந்தைக்குப் பாதுகாப்பு கிடைத்திருக்காது. பிறகு ஊரில் தட்டம்மை வரும்போதுதான் விஷயம் தெரியும்.

சூடு மட்டும் எதிரி இல்லை. அதிகக் குளிரும் எதிரிதான். இது பலருக்குத் தெரியாது. போலியோ சொட்டு மருந்து உறைந்தாலும் கெடாது. ஆனால் சூடு அதற்கு ஆகவே ஆகாது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், மஞ்சள் காமாலை முதலிய நோய்களுக்கான ஊசி மருந்து வேறு மாதிரி. அது ஒருமுறை உறைந்தால் போதும், வீணாகிவிடும். ஐஸ் கரைந்த பிறகும் பயன்படாது. அதனால் நர்ஸ் ஐஸ் டப்பாவை எடுத்தவுடன் பெட்டியில் வைக்க மாட்டார். கொஞ்ச நேரம் வெளியே வைப்பார். டப்பா மேல் நீர்த்துளி வியர்க்கும். ஆட்டினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும். அதன் பிறகுதான் பெட்டியில் வைப்பார்.

நம் நாட்டில் ஓர் ஆண்டில் சுமார் 2 கோடியே 60 லட்சம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும். மருந்தை வைத்துக் காக்கும் இடங்களே 29 ஆயிரம் அளவில் இருக்கின்றன. இத்தனை இடத்தில் எத்தனை குப்பி இருக்கிறது? எந்தப் பெட்டியில் குளிர் குறைந்தது?

முன்பு இதற்கு ஒரே வழி நோட்டுதான். சுகாதார நிலையத்தில் ஒருவர் காலையிலும் மாலையிலும் குளிர்ப் பெட்டியின் வெப்பமானியைப் பார்ப்பார். நோட்டில் எழுதுவார். மாதம் முடிந்ததும் கணக்கு மாவட்டத்துக்குப் போகும். இரவு 11 மணிக்குக் குளிர் குறைந்தால் யாருக்குத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை என்றால் யார் பார்ப்பது? ஓர் ஊரில் மருந்து தீர்ந்துபோய்த் தாய்மார்கள் திரும்பிப் போவார்கள். பக்கத்து ஊரில் அதே மருந்து தேவைக்கு மேல் கிடக்கும். ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரியாது.

2015ஆம் ஆண்டில் ஒரு புதிய ஏற்பாடு தொடங்கியது. அதன் பெயர் இ-வின். மத்திய சுகாதார அமைச்சகம் இதை நடத்துகிறது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் இதற்கு உதவி செய்தது. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களில் முதலில் வந்தது. பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது.

இதில் இரண்டு வேலைகள் நடக்கின்றன.

சுகாதார நிலையத்தில் மருந்தைக் கவனிக்கும் ஊழியரிடம் ஒரு செல்போன் இருக்கும். வந்த குப்பி எத்தனை, போன குப்பி எத்தனை என்று அவர் நோட்டில் எழுதுவார். அதே எண்ணைச் செல்போனிலும் பதிவு செய்வார். அந்த எண் உடனே மாவட்ட அலுவலகத்தில் தெரியும். மாநிலத் தலைநகரிலும் தெரியும். டெல்லியிலும் தெரியும். எங்கே மருந்து தீரப் போகிறது, எங்கே அதிகமாக இருக்கிறது என்று ஒரே பார்வையில் பார்க்கலாம். தீருவதற்கு முன்பே அனுப்பிவிடலாம்.

அடுத்தது குளிரைக் கவனிக்கும் வேலை. இதை ஆள் செய்வதில்லை, ஒரு சின்னக் கருவி செய்கிறது. குளிர்ப் பெட்டிக்குள் ஓர் உணர்வி இருக்கும். ஒரு கம்பி அதை வெளியே உள்ள கருவியோடு இணைக்கும். கருவிக்குள் செல்போனில் இருப்பது போல் ஒரு சிம் அட்டை இருக்கும். உணர்வி அடிக்கடி வெப்பத்தை அளந்துகொண்டே இருக்கும். சிம் அட்டை வழியாக அந்த எண் போய்க்கொண்டே இருக்கும். குளிர் 2க்குக் கீழே போனாலும் 8க்கு மேலே ஏறினாலும் ஊழியரின் செல்போனுக்குச் செய்தி வரும். அவர் ஓடிப்போய்ப் பார்ப்பார். கதவு சரியாக மூடாமல் இருக்கலாம். மின்சாரம் போயிருக்கலாம். பெட்டியே பழுதாகியிருக்கலாம். பெட்டி கெட்டிருந்தால் மருந்தை வேறு பெட்டிக்கு மாற்றுவார்.

மின்சாரம் அடிக்கடி போகும் ஊர்களில் என்ன செய்வது? இந்தக் குளிர்ப் பெட்டி வீட்டில் இருக்கும் ஃபிரிட்ஜ் போன்றது அல்ல. அதன் சுவருக்குள் ஐஸ் இருக்கிறது. ஒரு நாளில் 8 மணி நேரம் மின்சாரம் வந்தால்கூடப் போதும். மீதி நேரம் அந்த ஐஸ் குளிரைக் காக்கும். அடிக்கடி திறக்காமல் இருந்தால்தான்.

2021 ஜனவரி 16 அன்று கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அப்போது நாடு முழுவதும் மருந்து எங்கே இருக்கிறது என்று பார்க்க இந்த ஏற்பாடு உதவியது. முன்பே இருந்ததால் புதிதாக எல்லாவற்றையும் அமைக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கருவி சுகாதார நிலையம் வரைதான் பார்க்கும். நர்ஸ் பெட்டியோடு ஒட்டகப் பாதையில் நடந்து வரும்போது கருவி கூட வராது. அந்தக் கடைசி வழியை யார் பார்ப்பது?

அதற்குக் குப்பியிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. அங்கன்வாடியில் ஒரு பாட்டி அதைப் பற்றித்தான் கேட்டார். ராஜஸ்தானில் நர்ஸைப் பெஹன்ஜி என்று கூப்பிடுவார்கள். அக்கா என்று பொருள். வயதான பெண்களை மாஜி என்பார்கள்.

"பெஹன்ஜி, இத்தனை வெயிலில் வந்தீர்கள். மருந்து நன்றாக இருக்கிறதா?"

"நீங்களே பாருங்கள் மாஜி. குப்பியில் ஒரு வட்டம் தெரிகிறதா?"

"தெரிகிறது. ஊதா நிறம். நடுவில் வெள்ளையாக ஒரு கட்டம்."

"சூடு பட்டால் அந்தக் கட்டம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தை விடக் கட்டம் வெளுப்பாக இருந்தால் மருந்து நல்லது. இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் கூடாது. கட்டம் வட்டத்தை விடக் கறுத்தாலும் கூடாது."

"மறுபடி ஐஸில் வைத்தால் வெளுக்குமா?"

"வெளுக்காது மாஜி. பட்ட சூடு பட்டதுதான்."

"எனக்குப் படிக்கத் தெரியாதே, எப்படிப் பார்ப்பேன் என்று நினைத்தேன்."

"இதற்கு எழுத்தே வேண்டாம். கண் இருந்தால் போதும்."

போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் 1996ஆம் ஆண்டு முதல் இந்த அடையாளம் வந்தது. அதன் பிறகு வீடு வீடாகப் போய்ச் சொட்டு மருந்து கொடுப்பது எளிதாயிற்று. நம் நாட்டில் காட்டு வகைப் போலியோ கிருமியால் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில். மேற்கு வங்காளத்தில் ஹவுரா மாவட்டத்தில். 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. ஊழியர்கள் வீடு வீடாக நடந்தார்கள், மருந்தும் கெடாமல் போய்ச் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்துதான் இது நடந்தது.

இந்த அடையாளம் சூட்டை மட்டும்தான் காட்டும். மருந்து உறைந்ததா என்று காட்டாது. அதற்கு நர்ஸ் குப்பியைக் குலுக்கிப் பார்ப்பார். உறைந்து கெட்ட மருந்தில் மணல் போல அடியில் வேகமாகப் படியும்.

தட்டம்மை மருந்தும் காசநோய்த் தடுப்பு மருந்தும் பொடியாக வரும். அவற்றை நீர் சேர்த்துக் கலக்க வேண்டும். கலந்த பிறகு 4 மணி நேரம்தான் வைத்திருக்கலாம். அதனால் நர்ஸ் கலந்த நேரத்தைக் குப்பியில் எழுதுவார். மீதி இருந்தாலும் நேரம் முடிந்தால் கொட்டிவிடுவார். "இவ்வளவு மருந்தை வீணாக்குகிறாரே" என்று சிலர் சொல்வது உண்டு. அது வீண் இல்லை. குழந்தைக்கு ஆபத்து வராமல் தடுக்கும் வழி. உங்கள் குழந்தைக்குப் போடும்போது "எத்தனை மணிக்குக் கலந்தீர்கள்?" என்று தாராளமாகக் கேட்கலாம். நல்ல நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு சுகாதார நிலையத்தில் காலையில் 30 குப்பிகள் இருந்தன. தடுப்பூசி நாளில் 12 குப்பிகள் செலவாயின. மாலையில் ஊழியர் செல்போனில் 12 என்று பதிவு செய்தார். மாவட்ட அலுவலகத்தில் இருப்பு எத்தனை என்று தெரியும்? 18 என்று தெரியும். அவர் பதிவு செய்ய மறந்துவிட்டால்? 30 என்றே தெரியும். மாவட்ட அதிகாரி அந்த 30ஐ நம்புவார். அடுத்த வண்டியில் அந்த ஊருக்கு மருந்து ஏற்ற மாட்டார்.