சராசரி சொல்லாத கணக்கு

சைக்கிள் பந்தயத்துக்குப் பயிற்சி செய்யும் பிள்ளைகளின் வண்டியில் 'பவர் மீட்டர்' பார்த்திருப்பீர்கள். மிதிக்கும் முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கி, திறனை வாட்டில் காட்டும் கருவி அது. வேகம் காற்றாலும் ஏற்றத்தாலும் மாறும். வாட் உழைப்பைச் சொல்லும்.

ஆனால் சராசரியை மட்டும் நம்பக் கூடாது. அரை மணி 100 வாட், அரை மணி 300 வாட் என்றால் சராசரி 200. உடல் பட்ட பாடோ அதிகம். 30 விநாடிச் சராசரிகளை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, அவற்றின் சராசரிக்கு நான்காம் மூலம் கண்டால் சுமார் 253 வரும். இதுவே 'நார்மலைஸ்டு பவர்'.

தனித்தனியே நேரம் கணித்து ஓட்டும் 'டைம் டிரயல்' போட்டியில், சமதளப் பாதையில் இவ்விரு எண்களும் நெருங்கியிருக்க வேண்டும். அகன்றிருந்தால் உழைப்பு சீராக இல்லை.

தோற்று வந்த பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். குறை பலத்தில் அன்று, பங்கீட்டில் இருக்கலாம்.